நிறையக் கால் உள்ளவை

ஜூன் 14, சனி

இந்த நோட்டை யாரும் படிக்கக் கூடாது. முக்கியமாக அப்பா. போன வருடம் மழையைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அவர் கேட்காமலே எடுத்து எங்கள் சேனல் வீடியோவில் வாசித்துவிட்டார். பெருமையாகத்தான் வாசித்தார். ஆனால் பள்ளிக்கூடத்தில் வெகுநாள் எனக்குத் 'தூறல்' என்று பெயர் இருந்தது. அதனால் இதை அவருடைய பழைய கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால் வைக்கப் போகிறேன். கல்யாண வீடியோ எடுப்பதை அவர் விட்ட பிறகு அந்த அலமாரியை யாரும் திறப்பதில்லை. இரவில் அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் எழுதுவேன்.

இன்று பெரம்பலூரில் நல்ல மழை. மழை விட்டதும் ஈசல் வந்தது. அப்பா வாசல் டியூப்லைட்டைப் போட்டு, கீழே வெள்ளை வேட்டியை விரித்து, நடுவில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். ஈசல் மேலிருந்து கொட்டியது. அப்பா சின்னப் பையன் மாதிரி குதித்தார். எதிர்வீட்டுச் சந்தானம் மாமா சட்டை போடாமல் வெளியே வந்து, "ஏன்டா தங்கராசு, ஒன் ஊட்டுக்கு மட்டும் மழையோட சேத்து கறியும் பெய்யுதா?" என்றார்.

"வாங்க மாமா, ஒரு பிடி தின்னு பாருங்க."

"ஐயோ, எனக்கு வேணாம்பா. நான் இட்லியோடவே போய்ச் சேந்துடறேன்."

அம்மா என்னிடம், "உங்கப்பாவுக்கு ஈசல்னா உயிரு. கல்யாணமான புதுசுல எனக்குச் செஞ்சு குடுத்த மொத பலகாரமே அதான்" என்றாள்.

இறகைப் புடைத்துவிட்டு, அரிசியும் பொட்டுக்கடலையும் போட்டு அப்பாவே வறுத்தார். அம்மா போனில் வீடியோ எடுத்தாள். எங்கள் சேனலுக்கு 'நாலு தெச நாக்கு' என்று பெயர். அதில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, சாப்பிடும் முன் 'இது என்ன' என்று கேட்கக் கூடாது. இன்னொன்று, முகம் சுளிக்கக் கூடாது. கடைசியில் நான் கையை உயர்த்தி, "முகம் சுளிக்க மாட்டோம்!" என்று சொல்ல வேண்டும்.

இது விளையாட்டுக்காக அப்பா வைத்த விதி இல்லை. அவர் ஆறாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கு நத்தைக் கறி கொண்டுபோனாராம். மற்ற பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் வாந்தி எடுப்பது போல நடித்தானாம். அப்பா எழுந்துபோய் எல்லாவற்றையும் ஓடையில் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாராம். "அன்னிக்கு நான் கொட்டுனது சோத்த இல்ல பாப்பா, எங்கம்மாவ" என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

ஈசல் நன்றாகத்தான் இருந்தது. போன வருடம் போலவே நெய் வாசனை. ஆனால் தின்று முடித்ததும் நாக்கும் மேலண்ணமும் அரித்தன.

"அம்மா, நாக்கு அரிக்குது."

"மத்தியானம் கருணக்கெழங்கு கொழம்பு வச்சனே, அதான். புளி கொஞ்சமா ஊத்திட்டேன் போல." ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியை உருட்டி என் வாயில் போட்டாள். "அடக்கிக்க. கெழங்கு அரிப்புக்குப் புளிதான் மருந்து."

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஆட்டு ரத்தப் பொரியல், கோழிக்கால் சூப். இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. அப்பா என் தலையில் தட்டி, "சிங்கம்டா" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

வயல் நண்டு. ஓட்டோடு இடித்து, மிளகு போட்டு ரசம் வைத்தார் அப்பா. கறியைத் தனியாகப் பிரட்டினார்.

முதல் காலைக் கடித்து உறிஞ்சியபோதே உதட்டில் ஊசி குத்துவது போல இருந்தது. காது மடல் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா கேமராவைப் பார்த்து, "பாருங்க மக்களே, காரம் ஏறுது! பாப்பா தாங்கிருவா!" என்றார். நான் தாங்கினேன். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.

உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் கீழுதடு வேறு யாருடையதோ போல இருந்தது. இன்று வீட்டில் கிழங்கு சமைக்கவில்லை. ஆனாலும் புளி போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

வீடியோ பெரிய அளவில் ஓடுகிறது. கீழே எல்லோரும் என் முகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒருவர் 'செவந்த செவ்வந்தி' என்று எழுதியிருந்தார். என் பெயர் செவ்வந்தி என்பதால் அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. 'அடுத்த தடவை பாப்பாவை இன்னும் செவக்க வையுங்க அண்ணா' என்று ஒருவர். அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் ஜெசிந்தா மட்டும், "ஏய், அது காரம் மாதிரி தெரியலடி. ஒதடு பன்னு மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"நண்டுல மொளகு அதிகம்."

"எங்க வீட்லயும்தான் நண்டு வைக்கிறாங்க. எனக்கு மூக்குதான் ஒழுகும், ஒதடு வீங்காது. டாக்டர்ட்ட காட்டேன்."

டாக்டரிடம் போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். எதற்குப் போனாய் என்று கேட்பார். நண்டைப் பார்த்து முகம் சுளித்தேன் என்று ஆகிவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நத்தை. அப்பாவின் அந்த நத்தை. காலையிலிருந்து பயந்து செத்தேன். ஆனால் ஒன்றுமே ஆகவில்லை! கறுப்பாக, ரப்பர் போல, இஞ்சி வாசனையோடு இருந்தது. நிறையச் சாப்பிட்டேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது அம்மா எடிட்டிங்கில் இருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது நத்தை வீடியோ இல்லை, பழைய நண்டு வீடியோ. என் முகத்தைப் பெரிதாக்கி, முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்ததும் மூடிவிட்டாள்.

"தூங்கலயா?"

"தாகம்."

"அன்னிக்கு இருமுனியே, அத வெட்டிட்டேன். நல்லா இல்ல" என்றாள். நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா இன்று வீடியோவிலேயே சொல்லிவிட்டார். காலாண்டு விடுமுறைக்கு நாங்கள் பாங்காக் போகிறோம். எங்களுக்கும் அப்போதுதான் தெரியும். "நாலு தெசன்னு பேரு வச்சுட்டு பெரம்பலூர்லயே சுத்திட்டிருந்தா எப்படி? வெட்டுக்கிளி, பட்டுப்புழு, தேளு. எல்லாம் செவ்வந்தி சாப்பிடப் போறா!" என்றார்.

அம்மா ஒரு நொடி போனைத் தரைக்குத் திருப்பிவிட்டாள். அந்த இடத்தையும் வெட்டிவிடுவாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று கண்டுபிடித்துவிட்டேன். ரத்தம் ஒன்றும் செய்யவில்லை. கோழிக்கு இரண்டு கால், ஒன்றும் செய்யவில்லை. நத்தைக்குக் காலே இல்லை. அரித்தது ஈசலும் நண்டும்தான். அத்தை வீட்டு விசேஷத்தில் இறால் தொக்கு தின்றபோதும் தொண்டை அடைத்தது, இப்போது ஞாபகம் வருகிறது. எல்லாம் நிறையக் கால் உள்ளவை.

அப்படியானால் என் பிரச்சினை அரிப்பு இல்லை, பயம். நிறையக் கால்களைப் பார்த்தால் எனக்குள்ளே பயம் வருகிறது. நான் அதை வெளியே காட்டாததால் அது உதட்டில் வருகிறது. மனசுக்குள் சுளிக்கிறேன். விதியை மீறிக்கொண்டிருப்பது நான்தான்.

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, எனக்கு இதெல்லாம் தின்னா அரிக்குது."

"எனக்கு மட்டும் சேன அரிக்காதா? தின்னத் தின்னப் பழகிடும் கண்ணு. நாக்குங்கறது நாய்க்குட்டி மாதிரி, பழக்கிட்டா சொன்னத கேக்கும்."

பழக்க வேண்டும். அதுதான் வழி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சமையலறையில் சென்னாக்குனி டப்பா இருக்கிறது. பொடிப்பொடியான காய்ந்த இறால், அம்மா கத்தரிக்காயில் போடுவது. அதற்கும் கால் உண்டு, உற்றுப் பார்த்தால் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே ஒரு சென்னாக்குனியை நாக்கில் வைத்து விழுங்கினேன். அரித்தது. புளி போட்டேன். அடங்கியது.

நாளையும் செய்வேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தினமும் ஒரு சிட்டிகை. சில நாள் அரிக்கிறது, சில நாள் கழுத்தெல்லாம் தடித்துவிடுகிறது. சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொள்கிறேன். எது எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் பழகுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா பக்கத்தில் வந்தபோது, "வாயில என்னடி கருவாட்டு வாட?" என்றாள். வாய் கொப்பளிக்க ஓடினேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. மாலையில் டப்பாவை எடுத்து மேல் தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தாள்.

ஸ்டூல் போட்டால் எட்டுகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடியோ இல்லை. அப்பா பெட்டி வாங்கப் போனார். அம்மா என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "செவ்வந்தி, ஒனக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டாள்.

"அப்பா ஆசப்படுறாரே."

"அப்பாவ விடு. ஒனக்கு?"

அவள் கை நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா சிவப்புப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "விமானம் புறப்படத் தயார்!" என்று கத்திக்கொண்டே வந்தார். அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஜெசிந்தா கையைப் பிடித்துக்கொண்டு, "தேளெல்லாம் தின்னாதடி" என்றாள். "தின்னா செத்துருவேனா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பாவாடைப் பையில் வைத்துக்கொள்ளப் புளி உருட்டி வைத்திருக்கிறேன். காகிதத்தில் மடித்துச் சென்னாக்குனியும். பழக்கத்தை நடுவில் விட்டுவிடக் கூடாது.

செப்டம்பர் 28, ஞாயிறு, பாங்காக்

விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டைப் பெட்டியின் அடியில், உடுப்புகளுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன்.

இன்று முள்நாறிப் பழம், அதாவது டுரியன், சாப்பிட்டோம். அப்பா தெருவில் உட்கார்ந்து பிளந்தார். வாசனைக்கு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "வளரு, முகம் சுளிக்கிற!" என்று அப்பா விரலை ஆட்டினார். "நான் கேமராக்குப் பின்னாடிதான இருக்கேன், எனக்கு விதி கெடையாது" என்றாள் அம்மா. எனக்குப் பழம் பிடித்திருந்தது. வெங்காயம் போட்ட பாயசம் மாதிரி. அரிக்கவே இல்லை.

நாளைக்குத்தான் சந்தை.

அக்டோபர் 1, புதன், பாங்காக்

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இரண்டு நாள் எழுத முடியவில்லை. மாற்று உடுப்புக்காகப் பெட்டியையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கையில் ஊசி குத்தியிருந்தார்கள். இப்போது எடுத்துவிட்டார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அது என் தொண்டையிலேயே நிற்கும்.

திங்கட்கிழமை மாலை சந்தைக்குப் போனோம். ஒரு தள்ளுவண்டியில் தட்டுத் தட்டாகக் குவித்து வைத்திருந்தார்கள். வெட்டுக்கிளி, பட்டுப்புழு, வண்டு, குச்சியில் குத்திய தேள். எல்லாம் பொன் நிறத்தில் பளபளவென்று இருந்தன. கடைக்கார அக்கா தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். தெளிப்பானில் சாஸ் வைத்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் தெளிப்பது போலப் புஸ் புஸ்ஸென்று தெளித்துக் கொடுத்தார். அப்பா அவரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, முதல் வெட்டுக்கிளியைத் தானே தின்றார். "மக்களே, நம்ம ஊரு ஈசலுக்கு அண்ணன்!" என்றார். அந்த அக்காவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சிரித்தார். அப்பா யார் கடைக்குப் போனாலும் அவர்களைச் சந்தோஷப்படுத்திவிடுவார்.

பட்டுப்புழுவைக் காட்டி அம்மா, "பொடவ கட்டறப்ப இத நெனச்சுக்கூடப் பாக்கல" என்றாள். அதுதான் அன்று அவள் கடைசியாகச் சாதாரணமாகப் பேசியது.

நான் வெட்டுக்கிளியைத் தின்றேன். நாக்கு அரித்தது. பழக்கம்தானே என்று பையிலிருந்து புளியை எடுத்து, கேமராவுக்குத் தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். "அடுத்தது பட்டு!" என்றார் அப்பா. ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். மென்றேன். உள்ளே கடலை மாவு போல இருந்தது. விழுங்கும்போது பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் புளியை அமுக்கினேன். உள்ளங்கை அரித்தது, உள்ளங்கால் அரித்தது. வயிறு முறுக்கியது. சத்தமெல்லாம் தூரமாகப் போனது.

"சொல்லு பாப்பா!" என்றார் அப்பா.

கையை உயர்த்தி, "முகம் சுளிக்க மாட்டோம்" என்றேன். தவளைக் குரலில் வந்தது. அப்பா கையைத் தட்டிச் சிரித்தார். "கொரலு மாறுது பாருங்க, பட்டு ஏறிடுச்சு!"

"நிறுத்துங்க" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம் வளரு, தேள் மட்டும்..."

"நிறுத்துங்கங்கறேன்!" போனை அவள் கீழே போட்டாள். அது எங்கள் வீட்டிலேயே விலை கூடிய பொருள். அதன் மேலேயே மிதித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். அந்த அக்கா வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினார். யாரோ ஒருவரின் வண்டியில் படுக்க வைத்தார்கள். மூச்சு உள்ளே போனது, ஆனால் குழாயில் உறிஞ்சுவது போலச் சத்தம் வந்தது. அப்பா "பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா என் வாய்க்குள் விரலை விட்டு எதையோ தோண்டி எடுத்துப் பார்த்தாள். புளி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எழுப்பிய ஒலி அழுகை இல்லை. வேறு ஏதோ.

தொடையில் ஊசி போட்டார்கள். உடம்பு நடுங்கியது. பிறகு காற்று வந்தது. காற்றுக்கு ருசி உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 2, வியாழன், பாங்காக்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். டாக்டர் அம்மா ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். இது அலர்ஜி. நண்டு, இறால், வெட்டுக்கிளி, புழு, ஈசல் எல்லாம் என் உடம்புக்கு ஒரே சொந்தக்காரர்கள் மாதிரியாம். ஒன்றோடு சண்டை என்றால் எல்லாரோடும் சண்டை. தின்னத் தின்னப் பழகாது, சண்டைதான் பெரிதாகும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

"இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அப்பா.

"வந்திருக்கு" என்றாள் அம்மா. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜூனில் ஈசல், நாக்கு. ஜூலையில் நண்டு, கீழுதடு இடது பக்கம் முதலில், பிறகு வலது. நான்காவது தடவை விழுங்கும்போது இருமல். ஆகஸ்டில் கழுத்தில் தடிப்பு, காலரை ஏற்றிவிட்டு மறைத்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.

எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்தானே. ஒரே இடத்தைப் பலமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

சென்னாக்குனி மடித்த காகிதத்தை நானே எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். எதற்கென்றும் சொன்னேன். அவள் பிரித்து, முகர்ந்து, திரும்ப மடித்தாள். "டப்பாவ மேல வச்சேன். அது போதும்னு நெனச்சேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஏன் பாப்பா சொல்லல?"

"சொன்னேன்ப்பா. அரிக்குதுன்னு சொன்னேன்."

"நான் அத..." ஒரு கையால் என் போர்வையை இழுத்துவிட்டார். "நான் அத கெழங்கு அரிப்புன்னு நெனச்சிட்டேன்."

"நானும் அப்படித்தான்ப்பா நெனச்சேன். அப்புறம் பயம்னு நெனச்சேன்."

"எதுக்குப் பயம்?"

அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். என் பாதத்தை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

மாலையில் அந்தக் கடைக்கார அக்கா வந்தார். எப்படித் தேடிப் பிடித்தாரோ. மூடி போட்ட கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். அவர் கண்ணும் வீங்கியிருந்தது. நான் கிண்ணத்தை வாங்கி, வழக்கம்போல எதுவும் கேட்காமல் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"இரு" என்றார் அப்பா.

போனை எடுத்து, அதில் தமிழில் பேசினார். அது தாய்லாந்து மொழியில் திருப்பிச் சொன்னது. "இதில் என்ன இருக்கிறது?" அப்பா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கும்போது அவர் முகம் திருடிவிட்டு நிற்பவர் போல இருந்தது. அந்த அக்கா கோபித்துக்கொள்வார் என்று நானும் பயந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. விரல்விட்டுச் சொன்னார். அரிசி, தண்ணீர், இஞ்சி, உப்பு. அப்பா, "இறால்?" என்றார். அக்கா இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். அப்பா மறுபடியும் கேட்டார். அவர் மறுபடியும் சொன்னார்.

பிறகு நான் குடித்தேன்.

அக்டோபர் 4, சனி, பாங்காக்

நாளை ஊருக்கு. போனின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. அப்பா அம்மாவிடம், "அந்த வீடியோவ அழிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அழிச்சிடு வளரு."

"நீங்க ஒரு தடவ பாத்துட்டு அழிங்க. முழுசா. இது நான் வெட்டாதது."

அப்பா போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது, என்னுடைய தவளைக் குரல். முகம் சுளிக்க மாட்டோம். பிறகு அப்பாவின் சிரிப்பு, கைதட்டல். நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஓடியது.

வெகுநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. குளியலறை கிடைக்காததால் நான் இதைக் கட்டிலில் போர்வைக்குள் எழுதுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். "சொன்னனா இல்லயா? எரும!" என்றாள். பிறகு அழுதாள். அவள் டப்பாவில் இன்று கத்தரிக்காய். திறந்ததும் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது, சென்னாக்குனி. ஒரு வாய் எடுத்து நீட்டினாள், அதில் இருப்பதும் இறால்தான் என்று அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

"வேணாம் ஜெசி. எனக்கு ஒத்துக்காது."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புண்பட்டுவிடுவாளோ என்று. அவள் அந்த வாயைத் தானே போட்டுக்கொண்டு, என் தயிர்சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு நாள்?

சேனலில் புதிதாக எதுவும் போடவில்லை. செவந்த செவ்வந்தி எங்கே என்று கேட்கிறார்கள்.

அக்டோபர் 18, சனி

மூன்று நாளாக மழை. இன்று மாலை விட்டது. வானம் வெளுத்து, புழுக்கமாக இருந்தது. ஈசல் வரப்போகிற மாலை. பெரம்பலூரில் எல்லாருக்கும் அது தெரியும்.

அப்பா ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கை அணைத்தார். வாசல் டியூப்லைட்டை அணைத்தார். ஃப்ரிட்ஜ் மேலே எரியும் சின்னப் பச்சை விளக்கின் மேல்கூடத் துணியைப் போட்டார். ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தார். அந்த வெள்ளை வேட்டியைக் கிழித்துத்தான் ஜன்னல் ஓட்டைகளை அடைத்திருந்தார். தெருவில் எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது, எங்கள் வீடு மட்டும் இருட்டு.

சந்தானம் மாமா குரல் கேட்டது. "என்னடா தங்கராசு, கரண்டு பில்லு கட்டலயா? ஈசல் வந்து கொட்டிக் கெடக்குது, வேட்டி விரிக்கல?"

"இல்ல மாமா."

"ஏன்டா? பெரிய ஆளாயிட்டியா? பாங்காக் போயிட்டு வந்தவனுக்கு நம்ம ஊரு ஈசல் எறங்காதோ?"

தெருவில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எம் பொண்ணுக்கு ஒத்துக்காது மாமா."

யாரும் சிரிக்கவில்லை. சந்தானம் மாமா என்ன செய்தார் என்று உள்ளே இருந்த எனக்குத் தெரியவில்லை. ஆனால் சற்று நேரத்தில் அவர் வீட்டு வாசல் விளக்கு அணைந்தது, ஜன்னலில் அடித்த வெளிச்சம் போயிற்று.

இருட்டில் எழுதுகிறேன், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அம்மா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். நான் எழுதும் சத்தம் அவளுக்குக் கேட்கும். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை, கையை மட்டும் என் முதுகில் வைத்திருக்கிறாள். அப்பா கதவுக்கு வெளியே, வாசற்படியில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தவறி வருகிற ஒன்றிரண்டை விரட்டுகிறார் போலும், சர் சர்ரென்று கேட்கிறது. தெருக்கோடியில் யாரோ ஈசல் வறுக்கிறார்கள். அந்த நெய் வாசனை அடைத்த ஜன்னலையும் தாண்டி வருகிறது. அவருக்கும் வரும்.

அப்பாவுக்கு ஈசல் என்றால் உயிர்.